இரண்டு மொழியில் ஒரு வினாத்தாள்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இன்று கால் தரையில் பாவவில்லை. நர்ஸ் படிப்பில் மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! வகுப்பிலேயே நான்தான் முதல்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இதே தேர்வில் இரண்டு முறை தோற்றேன். தேதி தள்ளிப்போய்விட்டது என்று உங்களிடம் சொன்னது பொய். மூன்றாவது முறையும் போயிருந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். நல்லவேளை, இம்முறை வினாத்தாளை இங்குள்ள மொழியிலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ‘இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது’ என்று தமிழில் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே வரியை இரண்டு முறையும் ‘இந்த அளவுக்குக் குறையக் கூடாது’ என்றல்லவா படித்திருந்தேன்!

விடைத்தாளைக் கொடுக்கும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்குக் கணக்கே வராதுன்னு நெனச்சுட்டேன்மா. தப்பு என்னோடது.”

“கணக்கு வரும் டீச்சர், கேள்விதான் வரல” என்றேன், அவர் மொழியிலேயே. வகுப்பே சிரித்தது.

ஓர் உதவி. அடுத்து உடல் உறுப்புப் பாடம். பாப்பாவின் பழைய அறிவியல் புத்தகத்தை அனுப்புங்கள். அவள் கிறுக்கிய பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். காலையில் தலை பின்னும்போது நீங்கள் இருவரும் போடும் சண்டையையும் போனில் பதிந்து அனுப்புங்கள். நான் தங்கியிருக்கும் அறையில் சத்தமே இல்லை.

பஸ் வந்துவிட்டது. பாப்பாவிடம் அம்மா பாஸ் என்று மட்டும் சொல்லுங்கள். தோற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் அவசரக்காரி