வண்டிச் சாவி போலீஸிடம் இருக்கிறது

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். வண்டிச் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். என் சட்டைப் பையில் இருக்கிறது.

விடிந்ததும் விடியாததுமாக நீங்கள் வண்டியை உறும விடுவதால், இரவு வேலை முடிந்து வரும் மாடி வீட்டு நர்ஸால் கண்ணை மூட முடியவில்லை என்று ஸ்டேஷனில் புகார் பதிவாகியிருக்கிறது. இந்தத் தெரு என் பொறுப்பு. சாயங்காலம் யூனிஃபார்மோடு அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன். எல்லார் வீட்டிலும் செய்வதுபோல இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுவேன். "பழைய வண்டி, சூடேத்தினாத்தான் ஓடும்" என்பதையெல்லாம் அவரிடமே சொல்லுங்கள்.

காலிங்பெல் அடிப்பேன், வந்து திறங்கள். "ஊருக்குத்தான் நீ போலீஸ், என்கிட்ட உன் பருப்பு வேகாது" என்று நேற்று சிரித்தீர்களே, பார்த்துவிடலாம்.

மூன்று பேருக்கு டீ போட்டு வையுங்கள். உங்களுக்குச் சர்க்கரை அரை ஸ்பூன்தான். யூனிஃபார்மில் இருந்தாலும் கவனிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தெருக் காவலர்

பி.கு.: நர்ஸ்மேல் கோபப்படாதீர்கள். பாவம், அவர் வாயே திறக்கவில்லை. மாடிப்படியில் அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான்.