கடல் கொண்டு போகாத பெட்டி

மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மணம்தான் முதலில் வந்தது. உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் மனைவி தன்னாமுனையிலிருந்து பஸ் மாறி மாறிப் பெரியகல்லாறு வரை மடியில் வைத்துக் கொண்டுவந்த தகரப் பெட்டி. "அண்ணன், கூரைக்குள்ள சீலையால சுத்திக் கிடந்த. உங்கட கப்பல் சாமானாக்கும்" என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

உள்ளே நம் போர்க்கப்பல்கள். விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். ஒவ்வொன்றுக்கும் கீழே அதனதன் துண்டுக் கடல். இவை எல்லாம் சுனாமியோடு போய்விட்டன என்றல்லவா இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன்? அடப்பாவி, இவற்றில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்கூடப் படவில்லை.

நீ பொய்ப்பல் செய்கிறவன், நான் நில அளவைப் படம் கீறுகிறவன். சமாதானம் என்று பேர் சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருஷம், பௌர்ணமிப் போயா விடுமுறை தவறாமல் கல்லடியில் உன் வேலை அறையில் கூடுவோம். மேசையில் நீலத் துணி விரித்து, அடிகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிக் கடற்சண்டை நடத்துவோம். "ரெண்டு கழுதைகள் விளையாடுதுகள்" என்று என் மனைவி சிரிப்பாள். பொய்ப்பல்லின் ஈறாகிய முரசுக்கு ஊற்றும் ரோஸ் நிறப் பசையில்தான் கப்பல்களை வார்ப்பாய். வர்ணம் பூசும்வரை அவை யாரோ கிழவனுடைய முரசு மாதிரியே கிடக்கும்.

ஆனால் உன் பெருமையெல்லாம் கடலில்தான். "கப்பல் ஆரும் செய்வான் மச்சான். கடலச் செய்யிறதுதான் வேல." பலகைத் துண்டில் பல் அச்சு எடுக்கும் சாந்தைப் பூசி, இறுகுமுன் பழைய பற்தூரிகையால் தட்டித் தட்டி அலை எழுப்புவாய். காய்ந்ததும் கரும்பச்சை, அதன்மேல் நீலம், அலை நுனிக்கு மட்டும் துடைத்தெடுத்த வெள்ளை, கடைசியில் மூன்று பூச்சு வார்னிஷ். எங்காவது ஒரு குமிழி உடைந்து குழி விழுந்தால் உனக்குச் சோறு இறங்காது. "கடல்ல பள்ளமில்ல, அலதான் இரிக்கு" என்று அதை நிரப்பிவிட்டுத்தான் எழும்புவாய்.

அந்த மார்கழியில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து வேலை செய்தாய். இரண்டு புகைக்குழாய்க் கப்பலின் கடல் ஈரமாக இருக்கும்போதே என் மகள் தர்ஷி ஓடிவந்து பெருவிரலை அதில் அழுத்திவிட்டாள். ஆறு வயது. உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

"விடு மச்சான், அது சுழி" என்றேன்.

"சுழியெண்டா விளிம்பு சுத்தவேணும். இது பள்ளம்."

"மாமா, அது என்ட விரல். அழிக்கப்படா."

"அழிக்கமாட்டன் மனே. வார்னிஷ் மட்டும் அடிச்சித் தாறன்."

நானும் வாசல்வரை வந்து சொன்னேன்: "அதில மட்டும் கை வெச்சிராத." ஓம் ஓம் என்று சிரித்துக்கொண்டே பெட்டியைச் சைக்கிளில் கட்டினாய். அடுத்த போயாவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாகப் பேச்சு.

அடுத்த போயா காலையில்தான் கடல் வந்தது.

தர்ஷியின் உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அவளுடைய ஒரு படமோ, ஒரு சட்டையோ, ஒரு செருப்போ மிஞ்சவில்லை. பள்ளிக்கூட முகாமில் நீ என்னைத் தேடி வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "பெட்டி எங்க?" என்று கேட்டேன். அந்த விரல் அடையாளம் ஒன்றுதான் உலகத்தில் அவளுக்கு மிச்சம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

"கல்லடி அறையில வெச்சிருந்த நான். எல்லாம் கடல் கொண்டு பெய்த்து மச்சான்."

சொல்லிவிட்டு என் தோளில் விழுந்து அழுதாய். உன்னைத் தேற்றியது நான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் உனக்கு முதுகு தடவிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாம் விளையாடவில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் என்னோடு கரைக்கு வந்து, பூப்போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பாய். சினேகிதன் என்றால் இவனல்லவா என்று நினைத்தேன். சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன இந்த வருஷம், நெஞ்சு நோவென்று படுத்த நீ எழும்பவில்லை. உனக்குத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்தக் கப்பல் என் கையில். விரல் இருந்த இடத்தின் விளிம்பில் நீ நிரப்பிய அலை இன்னும் ஓடுகிறது, சோக்கான அலை. அன்றே கடல் எட்டாத உன் தன்னாமுனை வீட்டுக்குப் போய், பழக்க தோஷத்தில் நிரப்பியிருக்கிறாய். அதன்மேல் மூன்று பூச்சு வார்னிஷ். வார்னிஷையும் கிழித்துக்கொண்டு ஊசிக் கீறல்கள், நூற்றுக்கணக்கில். அவை பிறகு போட்டவை. நிரப்பியதைத் தோண்டி எடுக்கப் பார்த்திருக்கிறாய். சாந்தின்மேல் சாந்து பிடித்தால் இரண்டும் சேர்ந்துதான் உடையும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நடுவில் அடையாளத்தையும் சேர்த்தே பெயர்த்துவிட்டாய். ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு மிஞ்சியிருக்கிறது. அதில் மூன்று ரேகைகள்.

நிரப்பியதை நான் பொறுத்திருப்பேன். ஏசியிருப்பேன், அடித்துமிருப்பேன், பிறகு இரண்டு பேரும் விளக்கைக் கிட்ட வைத்து அந்த மூன்று ரேகையையாவது பார்த்திருப்போம். நீ அதையும் எனக்குத் தரவில்லை. என் பிள்ளையைக் கொண்டுபோன கடல்மேல், அது செய்யாத ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாய். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

கேள், இன்னொன்றும் இருக்கிறது. பெட்டி வந்த அன்று "பெட்டிக்குள்ள என்ன?" என்று என் மனைவி கேட்டாள். "பழைய சாமான்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. மூன்று நாளாகப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். முழுதாக இல்லாததை எப்படிக் காட்டுவது என்றுதான் பயம். உனக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும். எவ்வளவு லேசாக வருகிறது பார், உன் பொய் என் வாயில்.

குசினியிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்கிறது. பெட்டி மேசையில் திறந்து கிடக்கிறது. இந்த முறை மூடியை நான் போடப்போவதில்லை.