அப்பா அனுப்பிய பொட்டலம்

பாண்டிபோரா
ஞாயிறு மதியம்

என் பிள்ளைகளின் தகப்பனாரும், என் பேச்சை ஒருநாளும் கேட்காதவருமான பஷாரத் அவர்களுக்கு ஹஃபீசாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மூன்று பிள்ளைகளும் நலம். கொல்கத்தாவில் சால்வை மூட்டையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் உங்கள் கால்களுக்கும் முதுகுக்கும் தினமும் துஆ கேட்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்கள் அண்ணன் பெயரை எடுத்தாலே பட்டென்று வைத்துவிடுகிறீர்களே! கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பனியில் அடைபட்ட ஜம்மு பாதை திறந்ததும் நம் ஊர் முஷ்தாக் அங்கே வருகிறார். உங்கள் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுக் கூத்தைக் கேளுங்கள். முந்தின வாரம் சனிக்கிழமை குழாய் உறைந்துபோய் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வைக்கோல் கொளுத்திச் சூடு காட்டலாம் என்று வெளியே போனால், நம் மூமின் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் குழாய்க்கு மாட்டிவிட்டு, வெறும் தலையோடு நிற்கிறான். "பாவம்மா, அதுக்கும் குளிருதுல்ல?" என்கிறான். நாலு வயசுக்கு என்ன பேச்சு! திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். அன்று இரவே அவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, அது வேறு கதை.

அவனுக்கு உடுப்பு மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. உள்சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ஃபிரன் அங்கி. அத்தனையும் போட்டு முடித்துக் கதவைத் திறந்ததும், "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்பான். தினமும் இதே பாடுதான். கைக்குழந்தை தூபாவின் துணிகள் கொடியிலேயே விறைத்துப் பலகையாகிவிடுகின்றன. அவற்றை ஒடியாமல் எடுத்து வந்து அடுப்படியில் சாய்த்து வைக்கிறேன். அவளுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது. அந்த ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரையும் விடுவதில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஷாயிஸ்தா நாள் முழுக்கத் தம்பிக்கு டீச்சர். எல்லோரும் ஒரே அறையில், ஒரே ரஜாய்ப் போர்வைக்குள். காய வைத்த கத்தரிக்காயும் தக்காளியும் இன்னும் ஒரு மாசத்துக்கு வரும், கவலைப்படாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் முதல் பனி விழுந்தது. கண் விழித்தால் வாதுமை மரம், வேலி, கோழிக்கூடு எல்லாம் வெள்ளை. மூத்தது இரண்டும் வெறும் காலோடு வெளியே ஓடப் பார்த்தன. பிடித்து இழுத்து வந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏழு வயசுப் பெரிய மனுஷி தம்பிக்குப் பாடம் எடுக்கிறாள்: "முதல் பனியை ஒளிச்சு வச்சு யாருக்காவது கொடுக்கணும்டா. தெரியாம வாங்கிட்டா அவங்க தோத்தாங்க, விருந்து போடணும். கண்டுபிடிச்சிட்டா நாம தோத்தோம், நாமதான் போடணும்." அவன் உடனே, "அப்ப பெரியப்பாகிட்ட கொடு. பெரியம்மாதான் நல்லா சமைப்பாங்க" என்றான். அவன் வாயைப் பொத்தினேன்.

பாகம் பிரித்த அன்று ஊரார் முன்னால், "எனக்கு அண்ணனே இல்லை" என்று நீங்கள் சொன்னீர்கள். அவரும் சும்மா இருக்கவில்லை, மறுநாளே சமையலறை நடுவில் பலகை அடித்தார். பதினான்கு மாசம் ஆகிறது. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும், ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வராது. ஸாஹிதா அக்கா மட்டும் தன் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கு ரொட்டி நீட்டுவார். "அங்கெல்லாம் போகக் கூடாது, வேற யாராவது பாரு" என்று ஷாயிஸ்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தூபாவுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் பிள்ளைகள் இரண்டையும் காணோம்!

ஓடினேன். உங்கள் அண்ணன் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஷாயிஸ்தா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கட்டி, அதன்மேல் நீங்கள் சால்வை கட்டும் பழைய சிவப்பு நூலையும் சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கிறாள். "பெரியப்பா, அப்பா கொல்கத்தாவுலேர்ந்து உங்களுக்கு அனுப்பியிருக்காங்க" என்கிறாள். யா அல்லாஹ்! நம் ஊரில் முதல் பனி விழுந்த அன்று பெற்ற தாய் எதையாவது நீட்டினாலும் யாரும் வாங்கமாட்டோம். போதாததற்கு இதுகள் வெகுநேரம் வாசலிலேயே தயங்கி நின்றிருக்கின்றன போலும். பொட்டலத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குருடனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மனுஷர் குளிர்காய வைத்திருந்த காங்ரிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

பிரித்தார். பனிதான். இப்படி ஒரு பொய்யைச் சொல்லி மனுஷரை நோகடித்துவிட்டாளே, இனி காலத்துக்கும் இந்த உறவு ஒட்டாது என்று நினைத்தேன். மூமின் வேறு, "தோத்தாங்கோளி! பெரியப்பா தோத்தாங்கோளி!" என்று குதிக்கிறான். உள்ளேயிருந்து ஸாஹிதா அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சொட்டச் சொட்ட இருக்கே, கண்ணு தெரியலையா உங்களுக்கு? நாப்பத்தெட்டு வயசுல ஏழு வயசுப் பிள்ளைகிட்ட ஏமாந்து நிக்கிறீங்களே!" என்று கேட்டார்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி அனுப்பினதுன்னு சொன்னா என்னடி பண்ணச் சொல்ற? கை தானா நீண்டுடுச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மூமினைத் தூக்கி, "டேய் போக்கிரி, வெள்ளிக்கிழமை காலையில உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. ஹரீஸா போடறேன். வயிறு வெடிக்கச் சாப்பிடணும்" என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

வெள்ளிக்கிழமை போனோம். ஆட்டுக்கறியை மத்தால் கடைந்து குழைத்து, மேலே கொதிக்கும் எண்ணெயை அவரே ஊற்றினார். மூமின் மூன்று தடவை வாங்கினான். தூபா தன் ஒற்றைப் பல்லால் பெரியப்பாவின் விரலைக் கடித்தாள். அவர் வலிக்கிற மாதிரி அலற, அவள் கைகொட்டிச் சிரிக்க, ஒரே ரகளை. நேற்று நம் பக்கத்துக் கூரைப் பனியையும் அவரே தள்ளினார். நான் கேட்கவே இல்லை.

கிளம்பும்போது ஒன்று பார்த்தேன். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். ஷாயிஸ்தா சுற்றிய அந்தக் காகிதத்தை அவர் எறியவில்லை. அடுப்புக்கு மேல் காயப்போட்டு, மடித்து, நூலோடு அலமாரியில் வைத்திருக்கிறார். உள்ளே ஒன்றுமே இல்லாத காகிதம். உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்தது என்பதற்காக.

நீங்கள் போன் செய்ய வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். உங்கள் வீம்பு எனக்குத் தெரியாதா? உங்கள் மகள் உங்கள் பெயரில் ஒரு பொய் சொல்லிவிட்டாள். பெற்றவர் நீங்கள்தான் அதை உண்மையாக்க வேண்டும். முஷ்தாக் திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள். உள்ளே ஒரு கைக்குட்டை இருந்தாலும் போதும், ஒரு பிடி தேயிலை இருந்தாலும் போதும். ஆனால் மேலே உங்கள் கையெழுத்தில் 'அண்ணனுக்கு' என்று எழுதுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கூடவே கொஞ்சம் புத்தியையும் ஆண்டவன் கொடுக்கட்டும்.

உங்கள்
ஹஃபீசா