ஹாதி இருக்கும் ரோல்

மே 4, ஞாயிறு

அத்தாவின் பீரோவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்று கிடைத்தது. எடுத்து முடித்து, கழுவாமலே விட்டது. பார்த்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஹாதிய எடுத்தது, அரீபா. அவன் மவுத்தானதும் உங்கத்தா கழுவக் குடுக்கவே இல்ல."

ஹாதி எனக்கு முன்னால் பிறந்த அண்ணன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல். வீட்டில் அவனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. முப்பத்தேழு வருடம் இதைப் பூட்டி வைத்துவிட்டு, போன வருடம் அத்தாவும் போய்விட்டார். நல்லவேளை, எங்கள் வீட்டில் யாரும் எதையும் பேசித் தொலைப்பதில்லை.

மே 6

எந்த டெவலப்பரில், அதாவது எந்த ரசாயனத்தில், கழுவுவது? கேட்டிருக்கக் கூடாது. ஊரில் அத்தனை பேரும் நிபுணர்கள்.

சாரம் ஏரியாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தணிகாசலம்: "எக்ஸ்ரே டெவலப்பர்ல போட்டு எடும்மா, அஞ்சே நிமிஷம்." கடைசியாக எப்போது ஃபிலிம் கழுவினீர்கள் என்றேன். யோசித்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். இப்போது வளைகாப்புக்கு ட்ரோன் விடுகிறாராம்.

பாரிஸிலிருந்து தம்பி ஜலால்: "இங்க அனுப்புக்கா. இங்கதான் லேப் நல்லா இருக்கும்."

ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் பழைய ஃபிலிம் கெட்டுப்போகும் என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா."

பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்தால் கதிர்களும் சல்யூட் அடித்து ஒதுங்கிவிடும்போல.

மே 11, ஞாயிறு

யூட்யூபில் ஒரு தாடி, காபித்தூளும் சலவைச் சோடாவும் போதும் என்றது. பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்துகிற நான் தாடியை நம்பினேன். ரோலின் நுனியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கழுவிப் பார்த்தேன்.

முழுக்கக் கறுப்பு. தார் ரோடு.

ரெண்டு படம் இருந்திருக்கும் அதுல. அவன் இருந்த படமே அதுவா இருந்தா? எம்.எஸ்ஸியாம். டீச்சராம். செருப்பாலயே அடிக்கணும் என்னை.

மே 12

ஜலாலிடம் சொல்லவில்லை.

மே 20

பழைய ஃபிலிமில் புகைமூட்டம் குறைவாக விடும் டெவலப்பர் சென்னையிலிருந்து வந்தது. தேன் மாதிரிக் கெட்டிப் பாகு. சர்பத் என்று அம்மா ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். குடிக்காமல் விட்டாளே.

மறுபடி ஒரு விரல் வெட்டினேன். இன்னும் ரெண்டு படம் பலி. ஆனால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு சக்கரம் தெரிந்தது. இதுதான். இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை.

மே 25, ஞாயிறு

குழாய்த் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி. மே மாதப் புதுச்சேரி, வேறென்ன வரும்? பாத்திரத்தை ஐஸில் வைத்து, டெவலப்பர் கேட்கும் இருபதுக்கு இறக்கி, மீதி ரோலைக் கழுவினேன். உலர்ந்ததும் ஃபோனில் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கிப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு படம். அத்தாவின் புது மோட்டார் சைக்கிள், இருபத்தெட்டு. முன்னால், பின்னால், பக்கவாட்டில், மாலை போட்டு. எதிர்வீட்டு ஆடு, மூன்று. மகா கலைஞர்.

மிச்சம் ஒன்று. வண்டி சீட்டில் ஒரு பொடியன். புகைமூட்டம் பாதி முகத்தைத் தின்றுவிட்டது. மூக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. என் மூக்கு.

அம்மா ஃபோனை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று பக்கத்தில் நின்றேன். அதட்டினாள்.

"டேய் ஹாதி, சைலன்ஸர் சுடும்டா. கால எடு."