பள்ளத்தாக்கின் வாசலில் நான் சொன்ன பதில்

இல்லை அப்பா, இன்னும் கழுவவில்லை. உங்கள் சப்பாத்துகள் பல்கனியில்தான் இருக்கின்றன. இங்கே கெல்சென்கிர்ச்சனில் மூன்று நாளாக மழை. ஆனாலும் தையல் மடிப்புகளில் அந்தச் சிவப்பு மண் காய்ந்தே இருக்கிறது. இன்று காலை விரலால் தொட்டேன். வெயிலில் வெந்த கல்லின் மணம். கையை எடுத்துவிட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு இன்னும் ஒன்பது நாள். நினைவு மலருக்கு மகளாக நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். இது அதற்கல்ல. இதை அச்சடிக்க முடியாது.

நேற்று பெரியப்பா வந்தார். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல் பேசினார்.

"உந்தப் பயணக் கம்பனிக்காரர் ஒண்டும் கேக்காமல் வெயிலுக்கை நடக்க விட்டிருக்கிறாங்கள். நோய் வருத்தம் இருக்கோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் என்ரை தம்பி இப்ப இதிலை இருப்பான். பிள்ளை, நீ ஜேர்மன் பாசையிலை வடிவாய் ஒரு கடிதம் எழுது. அந்த வழிகாட்டிப் பொடியனுக்கு வேலை போகவேணும்."

"ஓம், எழுது பிள்ளை," என்றாள் அம்மா.

நானும் ஓம் என்றேன்.

அவன் கேட்டான், அப்பா. உங்களுக்குத் தெரியும்.

பயணம் என் யோசனை. நீங்கள் சலவைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. நாம் இருவரும் ஒரு கிழமை ஜோர்தானுக்கு. அதில் ஒரு நாள் பாலைவனப் பள்ளத்தாக்கு. எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி. வாகனம் வாசலோடு சரி. பிளாஸ்டிக் போத்தல் கூடாது. பழத்தோலைக்கூடத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

"ஜீப்பிலை போகேலாதோ?" என்று கேட்டீர்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். பாலைவன மண்ணின் மேல் உயிருள்ள ஒரு தோல் இருக்கிறது, சக்கரம் ஏறினால் அது ஒரு தலைமுறைக்கு ஆறாது என்று.

"சரி, மண்ணுக்கு நோகாமல் நடப்பம்."

வாசலில் வழிகாட்டி எங்களை வட்டமாக நிற்கவைத்தான். அவன் ஜெர்மன் பேசினான், பள்ளிக்கூடத்து ஜெர்மன். இதய நோய் உண்டா, மூச்சு வாங்குமா, மருத்துவர் ஏதும் சோதனை எழுதித் தந்திருக்கிறாரா? இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், உள்ளே வாகனம் வராது, இங்கே நிழலில் கூடாரம் இருக்கிறது என்றான். ஒவ்வொருவராகப் பார்த்து வந்தான். உங்களைப் பார்த்தான்.

"அவருக்கு ஒன்றுமில்லை," என்றேன் நான்.

உங்கள் இதயச் சோதனைக்கு வரும் இலையுதிர் காலத்தில் மருத்துவரிடம் நாள் குறித்து டெர்மின் இருந்தது. அதை எடுத்துத் தந்தவளே நான்தான்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. யோசிக்கவேயில்லை. ஒன்பது வயதிலிருந்து உங்களுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லி வருகிறேன். வேலை அலுவலகம், மருத்துவர், வெளிநாட்டவர் அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரம். மேசைக்குப் பின்னாலிருந்து கேட்பார்கள்: வேறு ஏதேனும் உண்டா? நான் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். இல்லை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக இறங்கிய காலத்தில் கற்றது என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள்: "ஓம் எண்டால் நிரப்ப இன்னொரு அன்ட்ராக் படிவம் வரும். இல்லை எண்டால் வீட்டை போகலாம்."

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை.

உங்களுக்கு ஜெர்மன் விளங்கும். முப்பது வருடம் அந்த மொழியில் திட்டு வாங்கியவர் நீங்கள். அவன் கேட்டது விளங்கியது. நான் சொன்னதும் விளங்கியது. குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தீர்கள். அதையாவது எழுத வேண்டும். பாறைகள் இருபுறமும் ஒடுங்கி வந்தன, மேலே வானம் ஒரு நாடா. தோடம்பழம் உரித்து, தோலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். "ஊரிலை வீடு வளவு எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான், ஆரும் ஒண்டும் கேக்கேல்லை. இஞ்ச ஒரு தோலை விடேலாதாம்." நான் சிரித்தேன். முன்னால் நடந்த ஜெர்மன் கிழவிக்கு மொழிபெயர்த்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு நீங்கள் பின்தங்கினீர்கள். "கெதியா வாங்கோ அப்பா, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்." இதையும் நான்தான் சொன்னேன்.

ஒரு கல்லில் இருந்தீர்கள். உதடு சாம்பல் நிறம். வழிகாட்டி தன் தலைத்துணியை நனைத்து உங்கள் நெற்றியில் வைத்தான். அங்கே தொலைபேசி எடுக்காது. அவன் வாசலை நோக்கி ஓடினான். நான் அப்படி ஒரு ஓட்டம் பார்த்ததில்லை.

நாம் பேசிக்கொண்டிருந்தோம். நான் சொன்னேன்: "அப்பா, நான் ஓம் எண்டு சொல்லியிருக்கவேணும்."

நீங்கள் எதிரிலிருந்த பாறைச் சுவரைக் காட்டினீர்கள். வெயில் அதன் மேல் பாதியில் ஏறியிருந்தது. "சொல்லியிருந்தால் நான் இதைப் பாத்திருக்கமாட்டன், பிள்ளை."

தூக்குக்கட்டிலோடு ஆட்கள் நடந்துதான் வந்தார்கள். வேறு வழியில்லை. அந்த வழியைத் தேர்ந்தவள் நான். அவர்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு நாளில் நூறு தடவை எடுத்துப் பார்க்கிறேன். மன்னிப்பாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம் போல. அடுத்த கணம், சாகும்போதும் என்னைக் காப்பாற்றத்தான் பேசினீர்கள் என்று தோன்றுகிறது.

போன கிழமை தூக்க மாத்திரை கேட்டு மருத்துவரிடம் போனேன். வீட்டில் ஏதேனும் நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

கணினியில் முறைப்பாட்டுக் கடிதம் திறந்திருக்கிறது. முதல் வரி எழுதிவிட்டேன். நல்ல ஜெர்மன், பிழையில்லை: 'எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை.' இதை அனுப்பினால் அவன் வேலை போகும். உங்களுக்காக ஓடியவன். அனுப்பாவிட்டால் ஏன் என்று அம்மா கேட்பாள். அம்மாவிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை வைத்துத்தான் காலையில் எழும்புகிறாள். அதைப் பறித்தால் அவளிடம் என்ன இருக்கும்? நான் இருப்பேன். என்னை எப்படிப் பார்ப்பாள்?

தெரியவில்லை, அப்பா. உண்மையாகத் தெரியவில்லை.

கடிதத்தை அழித்தேன். அடுப்படிக்குப் போனேன். அம்மா பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, அந்தப் பொடியன் கேட்டவன் அம்மா, இல்லை எண்டு சொன்னது நான்தான் என்றேன்.