கரையைச் சுரண்டிய கெட்டிக்காரர்கள்

டயகம,
18.6.1962

அன்பு மகன் கணேசமூர்த்திக்கு அம்மா எழுதுவது.

சுகம் கேட்காமல் திட்டத் தொடங்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன், கொழும்பில் சுகமாக இருக்கிறாயா? கடை வேலை கடை வேலை என்று பட்டினி கிடக்காதே. இங்கே நானும் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், வயிறுதான் எரிகிறது, எல்லாம் உன் தம்பி முத்துலிங்கத்தால்.

மண்ணரிப்பைப் பற்றி எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினான் என்று பெருமையாக எழுதியிருந்தேனே, மழை மண்ணை எப்படிக் கரைக்கும், புல்வேர் அதை எப்படிப் பிடித்து வைக்கும் என்று படமெல்லாம் போட்டானாம். அதே பிள்ளை, டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற லயத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, திருவிழாவுக்குச் சிரமதானம் என்று லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேடாக நிற்கிற மண்கரையை ஒரு புல் விடாமல் சுரண்டி மொட்டையாக்கிவிட்டான். தேயிலை மலையில் புல் கண்ணில் பட்டால் கணக்கப்பிள்ளை அரைநாள் கூலிதான் போடுவார், அந்தப் பழக்கத்தில் நமக்கெல்லாம் புல் இருந்தாலே அசிங்கம், மொட்டையாக இருந்தால்தான் சுத்தம். லயமே கூடி நின்று பாராட்டியது, அப்பா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். திருவிழா முடிந்தது, மழை பிடித்தது, பாதிக் கரை சரிந்து கடைசிக் காம்பராவுக்குள் புகுந்துவிட்டது. அங்கே குடியிருக்கிற வேலாயி பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வெளியே வந்தாள். இப்போது பிள்ளைக்காம்பராவில் படுக்கிறாள், கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பகலில் குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில்.

மிச்சக் கரையில் மண்ணைப் பிடிக்கிற மாணாப்புல் நட நாங்கள் எல்லோரும் மண்வெட்டியோடு போனோம். இவன் வரவில்லை. கேட்டதற்கு, “தோட்டத்து மண்ணு, தோட்டத்து லயம், தொர பாத்துக்கிறட்டும். பிரஜாவுரிமை குடுக்காத நாட்டுல மண்ணு போனா நமக்கென்னம்மா” என்றான். மற்றப் பையன்களும் அதையே சொல்லிவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டார்கள். இது அவன் பேச்சா? தீபாவளிக்கு வந்தபோது நீ பெரிய மனிதனாட்டம் உட்கார்ந்து பேசிய பேச்சு. எனக்கும் கோபம் இல்லாமல் இல்லை, மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்தவள்தான் நானும். ஆனால் சரிந்த மண் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று பார்த்தா வந்தது? துரை பங்களா மேட்டில் இருக்கிறது. மண் வேலாயி வீட்டுக்குள்தான் வந்தது.

என் சொல் அவன் காதில் ஏறாது, நீ சொன்னால் வேதம். அதனால் நீயே எழுது. பாடம் நடத்தாதே, பாடம் அவனுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ பேசியது தப்பு என்று எழுது. அதற்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. மழையில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே. இது கிடைத்த அன்றே தம்பிக்குக் கடிதம் போட மறக்காதே. மிச்சப் பாதிக் கரை நம் காம்பராவுக்கு நேர் மேலே நிற்கிறது. முதல் மார்க் வாங்கினவன் அதன் கீழேதான் படுத்துத் தூங்குகிறான்.

கோபம் தீராமலே ஆசி சொல்லும்
உன் அம்மா
நாகலெட்சுமி