சம்பள மேசையில் வைத்த கேஸ் செலவு

கொல்லயில்,
18.7.1977

அன்பு மக்கா மோகனனுக்கு, நாலரைத் தென்னைக்கும் பால் வற்றிய ஒரு பசுவுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் மாமன் பொன்னையன் எழுதுவது. அரைத் தென்னை எது என்று கேட்காதே, இடி விழுந்து தலை போனதுதான். நானும் உன் அம்மையும் சுகம், குவைத்து வெயிலில் நீயும் வாடாமல் இருக்கச் செங்கல் கோயில் சிவனிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் பார்க்கிறேன் என்றார்.

நீ அனுப்பிய டிராப்ட் கிடைத்தது. மாற்றவில்லை, இந்தக் கவரிலேயே திரும்பி வருகிறது. கோபப்படாமல் முழுவதும் வாசி. குடியிருந்த பத்து சென்டுக்கு உன் அம்மை பட்டயம் வாங்கினாள், அந்த நிலம் அண்டியாபீஸ் முதலாளியின் மச்சினனுடையது, அந்தக் கறுவில்தான் இருபது வருடம் அவர் ஆலையில் முந்திரிப்பருப்பு உரித்தவளை, வாசல் சோதனையில் மடியில் பருப்பு இருந்தது என்று சொல்லி, சனிக்கிழமை சம்பள மேசையின் முன்னால் அத்தனை பெண்களும் கேட்க, கள்ளி என்று வேலையிலிருந்து இறக்கிவிட்டார். சிவதாணு வக்கீலைப் பிடித்தோம், அவர் கறுப்புக் கோட்டை உதறினால் நெய்யாற்றின்கரையே இருட்டிப்போகும். எட்டு மாதம் ஓடிய பிறகு முதலாளி சமாதானத்துக்கு வந்தார். வேலை உண்டு, நின்ற எட்டு மாதச் சம்பளமும் உண்டு, கேஸ் செலவு மட்டும் அவரவர் பாடு என்றார். சமாதானம் என்றால் அதுதான் நடப்பு, கையெழுத்தைப் போட்டு ஒப்பிடு என்று வக்கீலும் சொன்னார், லேபர் ஆபீசரும் சொன்னார். நானும் சொன்னேன். என் சொல்லுக்கு மதயானை மண்டியிடும், உன் அம்மை அசையவில்லை. "எலே பொன்னையா, கள்ளி இல்லேண்ணு காட்டதுக்கு எனக்க கையிலேருந்து காசு போனா, பின்ன நான் கள்ளிதானே" என்றாள்.

அந்த நேரத்தில்தான் டிராப்டோடு உன் கடிதம் வந்தது. வக்கீல் பீஸுக்காக இன்னும் ஒரு வருடம் நிற்பதாகக் கம்பெனியில் ஒப்பிட்டுக் கொடுத்துவிட்டேன், ஓணத்துக்கு வரவில்லை, அம்மை ஒப்பிடட்டும் என்று எழுதியிருந்தாய். நான் வாசிக்கும்போது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தவில்லை, வெள்ளை தீர்ந்து சிரட்டையும் சேர்ந்து விழுந்தது. அன்றைய கறியை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

மறுநாள் லேபர் ஆபீசில் போய், சம்பளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், செலவை அவர்தான் கொடுக்க வேண்டும் என்றாள். முதலாளி மூன்று மாதச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். கேஸ் செலவைவிட அது கூடுதல், வக்கீல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை வழி கொடுத்தனுப்புகிறேன் என்ற முதலாளியிடம், கள்ளி என்று சொன்ன அதே மேசையில் வையுங்கள் என்று ஒரே பிடியாக நின்றாள். போன சனிக்கிழமை வைத்தார். "ஓமனக்குட்டி, இது உனக்க கேஸ் செலவாக்கும்" என்றார், முகத்தைப் பார்க்கவில்லை. அவளோடு பருப்பு உரிக்கிற மரியம்மா முதல் அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். அந்த அமைதியில் அத்தனை தூரத்துக் காரோட்டுக் கடல் இரைவது எனக்குக் கேட்டது. நான் சொல்வதில் பாதியை நீ நம்புவதில்லை, இதை நம்பு.

அங்கிருந்து நேராக பஸ் ஏறி வக்கீலுக்குக் கொடுத்துத் தீர்த்தோம். திரும்பும்போது நீ இதையெல்லாம் அறிந்தால் துள்ளிக் குதிப்பாய் என்று நான் அளந்துகொண்டே வந்தேன், அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுத்த சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாறசாலையில் இறங்கும்போதுதான் வாய் திறந்தாள். "பிள்ள அங்க ஒப்பிட்டத திருப்ப பற்றுமாண்ணு எழுதிக் கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன் மக்கா. நீ தீர்க்க வேண்டிய செலவு இங்கே இல்லை. திருப்ப முடியாது என்றால் அதையும் மறைக்காமல் எழுது, அவளுக்கு வாசித்துக் கொடுக்கிற தைரியத்தை நான் எங்கேயாவது கடன் வாங்கிக்கொள்கிறேன். வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. நீ எங்கே நின்றாலும் உன் அம்மையின் பிரார்த்தனையும் என் ஆசீர்வாதமும் உன் தலைக்கு மேலே நிற்கும். பதிலில் சுகவிசாரிப்பெல்லாம் பிறகு, அவள் கேட்டதற்கு முதல் வரியிலேயே பதில் வேண்டும்.

உன் வரவை நோக்கியிருக்கும் மாமன்,
பொன்னையன்